கார் நிக்கோபாரில் ஒரு கிராமம்

ஒரு கிராமத்தின் பொருளாதாரத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் அறிய விரும்புவது அங்குள்ள குடும்பங்களின் எண்ணிக்கையாகும். நிலம் எவ்வளவு, கால்நடை எத்தனை, கடன் எவ்வளவு என்னும் வினாக்களெல்லாம் அதன் பின்னரே எழுகின்றன. கார் நிக்கோபார் தீவில் இந்த முதல் வினாவிலேயே கால் இடறுகிறது. அத்தீவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மூஸ் கிராமத்தில், அலுவல் நிமித்தம் படிவமும் கையுமாக அமர்ந்திருந்த எனக்கு முதியவர் ஒருவர் இந்தியில் பொறுமையாக விளக்கினார். இந்த அடுப்பில் இன்று உண்பவர்களைக் கேட்கிறீர்களா, இந்தத் தோப்புக்கு உரியவர்களைக் கேட்கிறீர்களா, விருந்து நாளில் எங்களோடு சேர்ந்து பன்றி தர வேண்டியவர்களைக் கேட்கிறீர்களா என்று அவர் வினவினார். மூன்றுக்கும் மூன்று விடைகள் உண்டு என்பது பிறகுதான் புரிந்தது. படிவத்திலோ 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது.

அந்த முதியவர் குறிப்பிட்ட பெரிய குடும்பத்திற்குத் 'துஹேத்' என்று பெயர். மூஸ் கிராமத்தின் வரலாற்றையும் அன்றாட வாழ்வையும் துஹேத்தை அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசு மேற்கொண்ட பெரும் மறுவாழ்வுப் பணியில் எது எளிதாக நடந்தது, எது சிக்கலாயிற்று என்பதையும் அதைக் கொண்டே அறிய முடியும்.

தீவின் அமைப்பு

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் வடகோடியில் இருப்பது கார் நிக்கோபார். பத்து டிகிரிக் கால்வாய் எனப்படும் அகன்ற கடற்பகுதி இதனைச் சிறிய அந்தமானிலிருந்து பிரிக்கிறது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் ஓர் இரவுப் பயணம். தீவின் பரப்பளவு ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் நிக்கோபார் தனி மாவட்டமானபோது அதன் தலைமையிடமும் இங்கேயே அமைந்தது.

தெற்கேயுள்ள பெரிய நிக்கோபார் மலையும் அடர்காடும் நிறைந்தது. கார் நிக்கோபாரோ பவளப் பாறையின் மீது அமைந்த தட்டையான தீவு. பருவமழை இரண்டும் தாராளமாகப் பெய்கின்றன. எனினும் சொல்லத்தக்க ஆறு ஏதும் இல்லை. நுண்துளை நிறைந்த பாறை மழைநீரை உறிஞ்சிக் கொள்ள, அது உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. கிணற்று நீர் என்பது இப்படலமே. தென்னைக்கும் தாழைக்கும் இம்மண் மிக உகந்தது. நெல் இங்கு மரபுப் பயிராக இருந்ததில்லை. பெரிய மரக்கலம் குடைவதற்கேற்ற மரமும் பானை வனைவதற்கேற்ற களிமண்ணும் இத்தீவினருக்கு உள்ளூரில் கிட்டவில்லை. இவ்விரு குறைகளும் எத்தகைய வாணிகத்தைத் தோற்றுவித்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

தீவில் மூஸ், கின்மாய், லப்பாத்தி, தமாலூ, பெர்க்கா, மலாக்கா, காக்கானா, அரோங், சாவாய் முதலிய பதினைந்து ஊர்கள் வரை உள்ளன. மக்கள் தம் தீவைப் 'பூ' என்று அழைக்கின்றனர். தமிழ்ச் செவிக்கு இனிமையான பெயர்தான். ஆயினும் நம் சொல்லுக்கும் அதற்கும் உறவு ஏதுமில்லை. அவர்கள் பேசும் மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேகாலயத்தின் காசி மொழியும் சோட்டா நாகபுரியின் சந்தாலியும் கம்போடியாவின் கெமர் மொழியும் அதற்கு உறவினவாகும்.

எல்பனமும் துஹேத்தும்

மரபுவழி அமைந்த கார் நிக்கோபார்க் கிராமம் இரு பகுதிகளைக் கொண்டது. கடற்கரையை ஒட்டிய திறந்த வெளி ஊர்ப் பொதுவிடமாகும். அதற்கு 'எல்பனம்' என்று பெயர். ஊர்க்கூட்டம், விருந்து, மற்போர், படகுப் போட்டி, விருந்தினரை வரவேற்றல் யாவும் அங்கேயே நிகழும். முற்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கென்று ஒரு குடிலும் இறப்புக்கென்று ஒரு குடிலும் எல்பனத்தில் தனியே இருந்தன. இடுகாடும் அருகிலேயே அமைந்திருந்தது. பிறப்பும் இறப்பும் தனி வீட்டு நிகழ்ச்சிகளாகாமல் ஊர் நிகழ்ச்சிகளாகவே கருதப்பட்டன.

குடியிருப்புகள் சற்று உள்ளே, தோப்புகளின் நடுவில் இருந்தன. தேனீக்கூடு போன்ற வட்டக் கூரையுடைய வீடுகள் உறுதியான கால்களின் மேல் ஆள் உயரத்துக்கு நின்றன. எலி ஏறாதவாறு கால்களில் வட்டப் பலகைகளைப் பொருத்துவர். மேலே உறங்கும் இடமும் பண்டங்கள் வைக்கும் இடமும் இருக்கும். கீழே பகல் வெயிலுக்கு ஒதுங்கும் நிழல். ஒரே துஹேத்தைச் சேர்ந்த வீடுகளும் சமையற் குடில்களும் அடுத்தடுத்து இருக்கும்.

நிலம் துஹேத்துக்கு உரியது. அதனை விற்பதோ பங்கிட்டுப் பட்டா பெறுவதோ மரபில் இல்லை. மூத்தவர் ஒருவர் யார் எந்தத் தோப்பில் காய் பறிப்பது, யார் எங்கே புதுக்கன்று நடுவது, யாருடைய பன்றிகள் விருந்துக்கு என்பதையெல்லாம் கலந்து பேசி முடிவு செய்வார். நிலம் ஒருவருக்கும் அதில் நட்ட மரம் மற்றொருவருக்கும் உரியதாக இருக்கலாம். நிலக்குறைவுடைய துஹேத்துக்கு நிலமிகுதியுடையது தோப்பைப் பயன்பாட்டுக்குத் தருவதும் உண்டு. மணமக்கள் யார் வீட்டில் வாழ்வது என்பதற்கும் கட்டாய விதி இல்லை. எந்த வீட்டில் உழைக்கும் கை குறைவோ அங்கே செல்வார்கள். உழைப்பையும் நிலத்தையும் ஒன்றுக்கொன்று ஈடு செய்யும் இந்த ஏற்பாட்டைப் பொருளியல் நூல்களில் இவ்வளவு தெளிவாகக் கண்டதாக எனக்கு நினைவில்லை. முதுமையுற்றோர், கைம்பெண்கள், பெற்றோரை இழந்த குழந்தைகள் ஆகியோருக்கும் இதுவே காப்பீடாக விளங்கியது.

சோழர் முதல் ஆஸ்திரியர் வரை

வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குச் செல்லும் வழியில் இத்தீவுகள் கிடப்பதால் அயலார் கண்ணில் இவை படாமல் போனதில்லை. முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, வென்ற நாடுகளின் வரிசையில் மாநக்கவாரத்தையும் குறிப்பிடுகிறது. நக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகளே என அறிஞர் கொள்வர்.

பின்னர் 1756இல் டேனிஷ்காரர் இத்தீவுகளுக்கு உரிமை கொண்டாடினர். அவர்களுடைய ஆட்சி நம் தரங்கம்பாடியிலிருந்தே நடைபெற்றது. அங்கிருந்து கப்பலேறிய குடியேற்றக்காரர்களும், 1768 முதல் 1787 வரை நான்கவுரித் தீவில் தங்கிய மொரேவியச் சமயத் தொண்டர்களும் காய்ச்சலுக்கு இரையாயினர். டேனிஷ்காரர் தீவுகளைக் கைவிட்டனர் என்று எண்ணி, 1778இல் வில்லியம் போல்ட்ஸ் என்பவரின் ஏற்பாட்டில் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று வந்து கொடி நாட்டியது. ஆல்ப்ஸ் மலைநாடு ஒன்று வங்கக் கடலில் குடியேற்றம் அமைக்க முயன்றது இன்று வியப்பாகத் தோன்றலாம். அம்முயற்சியும் சில ஆண்டுகளில் அழிந்தது. 1858 பிப்ரவரியில் உலகப் பயணம் மேற்கொண்ட நோவாரா என்னும் ஆஸ்திரியப் போர்க்கப்பல் கார் நிக்கோபாரின் சாவாய் கடற்கரையில் நங்கூரமிட்டது. அதில் வந்த அறிஞர்கள் தீவினரின் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தனர். 1868இல் டென்மார்க் தன் உரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு பிரிட்டிஷார் பொறுப்பேற்றனர்.

இத்தனை கொடிகள் ஏறி இறங்கிய பின்னும் மூஸ் போன்ற ஊரின் உள்ளமைப்பு பெரிதும் மாறவில்லை. வந்தவர்கள் துஹேத்துக்குள் புகவில்லை, கரையோடு நின்றார்கள். கரையில் அவர்களோடு பேச ஒருவர் தேவைப்பட்டார். கப்பல் தலைவர்களின் பெயரையே ஒட்டி அவருக்குக் 'காப்டன்' என்ற பட்டம் வழங்கலாயிற்று. பிரிட்டிஷ் நிருவாகம் ஒவ்வொரு காப்டனுக்கும் ஒரு கொடியையும், வரும் கப்பல்களைப் பதிந்துவைக்க ஓர் ஏட்டையும் அளித்தது. கடலோரத் தேவைக்காகப் பிறந்த அப்பதவி நாளடைவில் ஊர்த் தலைமையாக வளர்ந்தது. இன்றும் முதற் காப்டன், இரண்டாம் காப்டன் என்றே அழைக்கின்றனர். தேர்தல் மூலம் அவர்களைத் தெரிந்தெடுக்கின்றனர்.

மூஸில் ஒரு பள்ளி

மூஸ் கிராமத்தின் பெயர் வெளியுலகில் பரவியதற்கு ஒரு தமிழரும் காரணம் என்பது நம் வாசகர்களில் பலர் அறியாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவத் தொண்டர் இங்கு வந்து தங்கினார். பள்ளி நடத்தினார், மருந்து கொடுத்தார், அரசின் முகவராகவும் பணியாற்றினார். 1909இல் அவர் மறைந்தார். அவருடைய பள்ளியில் பயின்ற மூஸ் சிறுவர்களுள் ஒருவர் பர்மாவுக்குச் சென்று கல்வி பெற்று, 1912இல் ஆசிரியராகத் திரும்பினார். அவரே பிற்காலத்தில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் எனப் புகழ்பெற்றவர். உரோமன் எழுத்தில் நிக்கோபாரி மொழியை எழுதப் பழக்கி, விவிலியத்தை அம்மொழியில் பெயர்த்தார். 1952இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராக அமர்ந்தார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் விருதுகளைப் பெற்ற அவர் 1978இல் காலமானார். மாவட்ட மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இடையில் 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆதிக்கம். விமானத் தளம் அமைக்கத் தீவினர் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். போரின் இறுதி மாதங்களில் ஒற்றர் என்று ஐயுற்றுப் பலரைச் சித்திரவதை செய்து கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறையிலிருந்தவரே. அந்தத் தளமே பின்னர் இந்திய விமானப் படையின் நிலையமாயிற்று.

தேங்காயும் பன்றியும்

மூஸில் பொழுது விடிவது பன்றிகளை அழைக்கும் ஒலியோடு. பகலில் தோப்பில் திரியும் பன்றிகளுக்குத் தேங்காயை உடைத்து இடுவர். நம் ஊரில் தேங்காயைப் பன்றிக்கு இடுவதா என்று முகம் சுளிப்போர் உண்டு. இதன் கணக்கைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பறித்த காயை நெடுநாள் சேமிக்க இயலாது. கொப்பரை விலையோ வணிகர் கையில் இருந்தது. பன்றி என்பது காலில் நடக்கும் சேமிப்பு. திருமணம், நோய், இறப்பு, பெருவிருந்து என எப்போது தேவையோ அப்போது அச்சேமிப்பை எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கிளை இல்லாத காலத்தில் துஹேத்தின் செல்வநிலையைப் பன்றிகளின் எண்ணிக்கையே காட்டியது.

உணவில் தேங்காய்க்கு அடுத்த இடம் தாழைப் பழத்துக்கு உண்டு. தலையளவு பருத்த அப்பழத்தை வேகவைத்து, நாரை நீக்கிப் பிசைந்து, களி போலத் திரட்டி வைப்பர். பல நாள் கெடாது. கிழங்கு, வாழை, மீன் ஆகியவையும் உண்டு. இப்பொழுது அரிசிச் சோறு எல்லா வீடுகளிலும் புகுந்துவிட்டது. நியாய விலைக் கடையே அதற்கு வாயில்.

இனி, முன்னர்க் கூறிய வாணிகத்துக்கு வருவோம். கார் நிக்கோபாரில் இல்லாத பானையும் பெரிய படகும் தெற்கேயுள்ள சௌராத் தீவின் வழியாகவே வந்தன. நிக்கோபாரில் பானை வனையும் உரிமை சௌராப் பெண்டிருக்கே உரியது என்று எல்லாத் தீவினரும் ஒப்புக்கொண்டிருந்தனர். நடுத் தீவுகளில் குடைந்த படகுகளும் சௌராவின் இடைத்தரகில் கைமாறின. ஒரு பக்கம் மிதவைக் கட்டை பூட்டிய 'ஹோடி' என்னும் படகுகளில் கார் நிக்கோபார் ஆடவர் திறந்த கடலில் நெடுந்தொலைவு துடுப்பு வலித்துச் சென்று, துணியும் இரும்பும் பன்றியும் கொடுத்துப் பானையும் படகும் பெற்று மீண்டனர். நீரும் நிலமும் குறைந்த சிறு தீவாகிய சௌரா இந்தத் தனியுரிமையால் பிழைத்தது. அதைக் குலைக்க வேறு தீவினர் முனையவில்லை என்பது கருதத்தக்கது.

வெளி வாணிகத்தில் தேங்காயே நாணயம். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த பாய்மரக் கப்பல்கள் அரிசி, துணி, கத்தி, புகையிலை ஆகியவற்றை இறக்கித் தேங்காய் ஏற்றிச் சென்றன. நிக்கோபாரிகள் தேங்காயை இணை இணையாகவும், இருபது இருபதாகவும் எண்ணுவர். கணக்கில் அவர்கள் பின்தங்கியவர் அல்லர். எனினும் முன்பணமாகப் பெற்ற சரக்குக்கு ஈடாகப் பல ஆண்டுக் காய்களை எழுதிக்கொடுக்கும் நிலை ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் 1956இல் இயற்றப்பட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வெளியார் அனுமதியின்றி நுழைவதையும் நிலம் பெறுவதையும் உரிமமின்றி வாணிகம் செய்வதையும் தடுத்தது. தொடர்ந்து கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கார் நிக்கோபாரின் எல்லோன் ஹினெங்கோ என்னும் சங்கம் கொப்பரையைக் கொள்முதல் செய்து நுகர்பொருள்களை விற்கும் பணியை ஏற்றது. துஹேத்தாகக் கூடி உழைத்துப் பழகியவர்களுக்குக் கூட்டுறவின் தத்துவத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கேடு எழுதுவதற்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது.

2004 டிசம்பர் 26

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் கடல் பொங்கி வந்தது. கடற்கரையோரம் அமைந்திருந்த ஊர்கள் தரைமட்டமாயின. எல்பனங்கள் அலையின் முதல் வீச்சிலேயே மறைந்தன. விமானப் படை நிலையத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் குடும்பத்தினரும் உயிரிழந்தனர். அந்தமான் நிக்கோபார் முழுவதிலும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 3,513 பேர் என அரசுக் கணக்கு கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் நிக்கோபார் மாவட்டத்தினர். தீவின் நிலமட்டமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, கரையோரத் தோப்புகளில் கடல்நீர் நிலையாகத் தங்கிவிட்டது. கார் நிக்கோபாரில் 2001இல் 20,292 ஆக இருந்த மக்கள் தொகை 2011இல் 17,841 ஆகக் குறைந்தது.

உயிரிழப்பை எந்தக் கணக்கும் அளவிட முடியாது. பொருளிழப்பில் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்குக் கூற வேண்டும். பன்றிகள் ஒரே நாளில் போயின. அஃதாவது சேமிப்பு போயிற்று. தென்னை போயிற்று; புதிதாக நட்ட நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியை அரசின் இலவச அரிசியும் உதவித் தொகையும் நிரப்பின. அவை காலத்தில் வந்து சேர்ந்ததால் பட்டினி தவிர்க்கப்பட்டது. கடல் கடந்து இத்தனை பொருளைக் கொண்டு சேர்த்த அலுவலர்களின் உழைப்பை நேரில் கண்டவன் என்ற முறையில் இதனைக் கூறுகிறேன்.

ஆனால் தொகை வழங்கத் தலைவர் ஒருவர் வேண்டும்; வங்கிக் கணக்கு வேண்டும். எனவே கணவன், மனைவி, மக்கள் என்ற சிறு குடும்பம் அலகாகக் கொள்ளப்பட்டது. நிவாரணம் அவ்வலகுக்கே சென்றது. தகரக் கொட்டகைகளில் சில ஆண்டுகள் வாழ்ந்த பின், கடலிலிருந்து விலகிய உட்பகுதியில் இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் கொண்ட நிலையான வீடுகளும் அவ்வாறே ஒதுக்கப்பட்டன. தீவுகள் அனைத்திலுமாக 9,797 வீடுகள். கருவியும் பொருளும் கிடைத்தால் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்வதாகப் பழங்குடித் தலைவர்கள் தொடக்கத்திலேயே கூறியிருந்தனர். விரைவும் நிலநடுக்கத்தைத் தாங்கும் உறுதியும் முதன்மை பெற்றதால் அக்கருத்து முழுமையாக ஏற்கப்படவில்லை. அன்றைய நெருக்கடியில் வேறு வகையில் செய்திருக்க இயலுமா என்று கேட்டால் எனக்கும் உடனடி விடை இல்லை.

விளைவு மெல்லத்தான் தெரிந்தது. உதவித் தொகை கணக்கில் ஏறிய இளைஞனுக்கு மூத்தவரின் சொல் முன்போல் தேவைப்படவில்லை. மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சியும் வந்தன, பணம் கரைந்தது. நிலமோ இன்னும் துஹேத்தின் கையில். வீடு ஒருவர் பெயரில், வீடு நிற்கும் நிலம் பலர் பொதுவில், கரையில் மூழ்கிய தோப்புக்கு ஈடாக உள்ளே யார் நிலத்தில் யார் நடுவது என்ற வழக்கு காப்டனிடம். இவற்றைத் தீர்ப்பதில் பழைய மரபு பெரிதும் கைகொடுத்தது. நிலமிகுதியுடைய துஹேத்துகள் இடம் இழந்தோருக்கு இடம் தந்தன. பட்டா நிலமாக இருந்திருப்பின் இவ்வளவு எளிதில் அது நடந்திருக்குமா என்பது ஐயமே. ஊர் மன்றங்களுக்கும் பழங்குடி மன்றத்துக்கும் சட்ட வடிவம் தரும் ஒழுங்குமுறை 2009இல் இயற்றப்பட்டது.

அலைக்குப் பின் நட்ட தென்னைகள் பல ஆண்டுகளாகக் காய்க்கின்றன. பன்றிகளின் எண்ணிக்கையும் பெருகி வருகிறது. மாவட்டத்தில் 2011இல் எழுத்தறிவு 78 சதவீதம். மூஸ் இளைஞர்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் காவலராகவும் பணிபுரிகின்றனர். கால்பந்தில் அவர்களை வெல்வது கடினம்.

நான் சென்றிருந்த நாளில் அந்த முதியவர் தம் வீட்டுக்குப் பின்புறம் அழைத்துச் சென்றார். அரசு கட்டித்தந்த நான்கு வீடுகளின் முதுகுகள் ஒன்றையொன்று நோக்கும் இடத்தில் ஓலைக்கூரை வேய்ந்த சமையற் குடில் ஒன்று இருந்தது. உள்ளே தாழைப் பழம் வெந்துகொண்டிருந்தது. நான்கு வீட்டாருக்கும் அதுவே அடுப்பு. அரசு ஏட்டில் அவை நான்கு குடும்பங்கள். நான் படிவத்தை நான்காகவே நிரப்பி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் துஹேத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தேன். சில வாரங்கள் கழித்து அவை திரும்பி வந்தன. ஓரக் குறிப்புக்குக் கணிப்பொறியில் இடமில்லை என்று இணைப்புக் கடிதம் தெரிவித்தது.